பேர் எழுதாத நோயாளி

பிள்ளைகளா, நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே உங்கள் அம்மா டிகிரி படித்த வருஷம் நடந்தது இது.

எனக்கு ராஜபாளையம் மில்லில் நைட் ஷிப்ட். பகலில்தான் தூக்கம். என் குறட்டையைக் கேட்டுப் பயந்து டாக்டரிடம் போகலாம் என்று கூப்பிட்டவளை, "படிக்கப் போனதும் பெரிய டாக்டரம்மா ஆயிட்டியோ?" என்று கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் சட்டென்று முழிப்பு வந்தது. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. கட்டில் பக்கத்தில் உங்கள் அம்மா, கையில் வாட்சும் மடியில் நோட்டுமாக, அசையாமல் என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, பொணத்துக்குக் காவல் இருக்க மாதிரில்லா உக்காந்திருக்க!"

"படிப்புக்குத்தாங்க. நீங்க தூங்குங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் அவள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டியூட்டிக்குப் போனபின் அந்த நோட்டைப் பிரித்தேன். ஒரு நோயாளியைக் கவனித்து எழுதுகிற பாடம். பேர் எழுதக்கூடாதாம்.

'தூக்கத்தில் மூச்சு நின்றது. இருபது எண்ணும்வரை வரவில்லை.'

பக்கம் பக்கமாக இதேதான். ஆஸ்பத்திரியில் செத்துப்போன யாரோ என்று நினைத்து, "பாவம்" என்றேன். அடுத்த வரியில் இருந்தது: 'இடது கையில் மில் மெஷினில் பட்ட தழும்பு.'

என் இடது கையைப் பார்த்தேன். வீட்டில் நான் ஒருத்தன்தான். ஆனாலும் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

யாரோ ஒருவருக்காகப் பாவப்பட்ட நான், எனக்காக அவள் பட்ட பயத்தை ஒருநாளும் யோசித்ததில்லை.

கடைசிப் பக்கத்தில், 'பரிசோதனைக்கு நோயாளி சம்மதிக்கவில்லை' என்று எழுதியிருந்தாள். அந்த வரியை அடித்துவிட்டு, கீழே என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.