நான் சாப்பிடாத வீடுகள்

அறுபதுகளின் தொடக்கத்தில் கொல்லிமலையில் நான் கிராம சேவிகாவாக இருந்தேன். மலைப் பெண்களுக்கு உணவைப் பற்றிப் பாடம் சொல்வது வேலை. காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து நடந்து ஏறி, சோளக்காட்டில் ஓர் அறையில் தங்கி, ஊர் ஊராகப் போவேன். கேழ்வரகில் என்ன சத்து, முருங்கைக்கீரையில் என்ன சத்து என்று மணிக்கணக்கில் பேசுவேன். பேசியவள் எதையும் தின்னவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு என்மீது கோபம் வருகிறது. அதைவிட, கண்ணால் பார்த்துக்கொண்டே பாராட்டியவர்கள்மீது வருகிறது.

ஆம், பாராட்டினார்கள். செவ்வாய், வெள்ளி, பிறகு சனி, பிறகு திங்கள் என்று நான் விரதத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். மேலதிகாரி மற்ற சேவிகாக்களிடம், "இந்தக் காலத்துல இப்படியொரு பொண்ணா!" என்று என்னை உதாரணம் காட்டினார். எந்தச் சாமிக்கு விரதம் என்று அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஏதாவது ஒரு சாமியின் பெயரைத் தேடிப் பிடித்திருப்பேன்.

மலையில் அந்த வித்தை பலிக்கவில்லை. அங்கே விருந்தாக வந்தவர் சோற்று வட்டலில் கை வைக்கும்வரை வீட்டில் ஒருவரும் வாயில் எதுவும் போட மாட்டார்கள். நான், "போன ஊட்டுலதானுங்க சாப்பிட்டேன்" என்று நழுவுவேன். போன வீட்டிலும் அதையே சொல்லியிருப்பேன். குண்டனி நாடு என்ற மலை ஊர்த் தொகுதியில் ஒரே நாளில் நான்கு வீடுகளில் அப்படிச் சொன்னேன். மறுநாள் ஊற்றில் தண்ணீர் மொள்ள வந்த நான்கு பெண்களும் பேசிக்கொண்டதில் உண்மை வெளிவந்துவிட்டது. அவர்கள் அதற்கு ஒரே பொருள்தான் கண்டார்கள்: கீழ்நாட்டுக்காரி நம் கைச் சோற்றைத் தீட்டு என்கிறாள். அப்படிச் சொன்ன உத்தியோகஸ்தர்கள் அவர்களுக்குப் புதிதல்ல. அதனால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த வாரம் பாடத்துக்கு ஒருத்தியும் வரவில்லை. அவர்கள் சொன்ன புகார் அலுவலகம்வரை போய், எனக்கு மெமோ வந்தது. சாதி பார்த்து மலைமக்கள் வீட்டு உணவை மறுத்ததற்கு ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். தவறினால் வேலை போகும்.

விளக்கம் எழுதுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. எல்லா வீட்டிலும் நான் ஒன்றுபோலத்தான் நடக்கிறேன் என்று நிறுவ வேண்டும். தாளில் கோடு போட்டேன்: நாள், இடம், உண்டது. அக்கா வீட்டு வளைகாப்பில் இலையை அப்படியே மடித்து மூடிவிட்டு எழுந்திருந்தேன். அலுவலக விருந்தில் தலைவலி என்று சொல்லியிருந்தேன். என் அறையில் நானே பொங்கிய சோறு பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போயிருந்தது. மூன்றாவது கட்டத்தில் எழுத ஒன்றுமே இல்லை. மாதவிலக்கு நின்று பல மாதம். சீப்பு நிறைய முடி. மலை ஏற்றத்தில் இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறேன். ஆனால் கண் விழித்ததிலிருந்து சோற்றைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. வேறொரு பெண்ணிடம் இவற்றைக் கண்டிருந்தால் சிவப்பு மையில் கோடிட்டு மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பேன்.

சாதி பார்த்தேன் என்றே ஒப்புக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். அந்த மன்னிப்புக் கடிதத்துக்கு மாதிரி உண்டு, எங்குமே உண்ண முடியாததற்கு இல்லை. அப்படி யோசித்தவளை இன்றும் அறையத் தோன்றுகிறது.

புகார் சொன்ன வீட்டுக்கே போனேன். வீட்டுக்காரி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஏனுங்க அம்மணி, தீட்டாயிருமுங்களே, ஏன் இத்தனை தூரம் நடந்து வந்தீங்க?"

"உங்க ஊட்டுச் சோறுன்னு இல்லீங்க. எங்கக்கா ஊட்டுலயும் திங்கலை. நானே ஆக்குனதையும் திங்கலை. திங்கறதுக்குப் பயமா இருக்குதுங்க."

முறம் நின்றது. "சோத்தைக் கண்டு பயமுங்களா? எங்களுக்குச் சோறு இல்லீன்னாத்தான் பயம்!" என்று சிரித்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"இது நோவு சாமி. மொதல்லயே சொல்றதுக்கென்ன? உங்களை எப்படியெல்லாம் வைஞ்சு தொலைச்சோம்! அன்னிக்கு வட்டலை முன்னால வெச்சுக்கிட்டு நீங்க பாடம் நடத்துனீங்க. எம் புள்ளைக உங்க கையவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்துதுங்க."

அந்த வழக்கம் அன்று எனக்குத் தெரியாது. கேழ்வரகின் சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே குழந்தைகளைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"இதென்னம்மா, சாப்பிடப் பயம்னு? விதியில இதுக்கு எடமே இல்லை. வயித்துக் கோளாறுன்னு எழுதுங்க, இப்பவே முடிச்சிடறேன்."

"வயிறு நல்லாத்தான் இருக்குங்க சார்."

"அப்போ சட்டுனு ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்குங்க."

நான் கடிதத்தைத் திரும்ப வாங்கவில்லை. தபால் பிரிவில் பதிய வைத்து, எண் போட்டு, நகலில் முத்திரையும் வாங்கிக்கொண்டுதான் அவரிடம் போயிருந்தேன். பதிந்த கடிதத்தை யாரும் கிழிக்க முடியாது. அது அவருக்கும் தெரியும். அந்த வீட்டுக்காரி, அம்மணிக்கு நோவுதான் என்று சொல்லிக் கைநாட்டு வைத்து என்னிடம் கொடுத்திருந்த தாளையும் சேர்த்து அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு கோப்பில் வைத்தார். வேலை தப்பியது. நோய் அத்தனை சுலபத்தில் விடவில்லை.

கீழே இறங்கி மருத்துவமனைக்குப் போனபோது அந்தக் கடிதத்தின் நகலை டாக்டரின் மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடாமலே டானிக் எழுத ஆரம்பித்தார். பேனாவைக் கையால் தடுத்தேன்.

"முதல்ல அதைப் படிங்க."