பெட்டியின் காய்ச்சல்

என் கணவர் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தால் முதலில் கை கழுவ மாட்டார். கிறீஸ் பூசிய கையோடு நேரே முன்னறைக்குப் போய், மேசைக்குக் கீழே இருக்கும் என் கணினிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைப்பார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். பிறகு ஒன்றும் நடக்காதவர் போலக் கிணற்றடிக்குப் போவார். கலியாணமான புதிதில் அதைப் பாசம் என்று நினைத்தேன். ஆறு மாதம் போனபிறகு அப்படி நினைக்க முடியவில்லை. நான் எவ்வளவு நேரம் அதில் இருந்தேன் என்று சூட்டை வைத்து அறியப் பார்க்கிறார் என்றுதான் பட்டது.

நான் சந்தேகக்காரி. அதை மறைக்க விரும்பவில்லை. கடையில் கட்டித் தரும் சீனியை வீட்டில் திரும்ப நிறுத்துப் பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் நல்லாயிருக்கிறாயா என்று கேட்டால், என்ன தேவைக்குக் கேட்கிறார்கள் என்று இரண்டு நாள் யோசிப்பேன். பதினைந்து வயதுக்குள் சோதனைச் சாவடிகளில் என் பையை எத்தனை பேர் திறந்து கிளறியிருப்பார்கள் என்று எனக்கே தெரியாது. அப்படி வளர்ந்தவளிடம் வெள்ளை மனசை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

என் தொழில் வீடுகளுக்கு முப்பரிமாணப் படம் செய்வது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்குள்ள காணியில் வீடு கட்டுவதற்கு முன்னால், கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுவார்கள். வாசலில் வெயில் விழ வேண்டும், சுவரில் மாமரத்தின் நிழல் ஆட வேண்டும். அதைக் கண்டபிறகுதான் மேசனுக்கு ஓம் சொல்வார்கள். கொழும்பில் ஓர் அலுவலகத்தில் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தேன். உருத்திரபுரத்தில் உழவு இயந்திரம் திருத்தும் இவரை எனக்குக் கலியாணம் பேசி வந்தபோது ஒரேயொரு நிபந்தனை போட்டேன். வீட்டிலிருந்து வேலை செய்ய எனக்குப் புதுசாக வந்திருக்கும் இன்ன புரொசசர் போட்ட கணினி வேண்டும். வேகம் நாலு தசம் இரண்டு கிகாஹேர்ட்ஸ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொழும்பை விட மாட்டேன். அவர் ஓம் என்றார்.

கலியாணத்துக்கு அடுத்த வாரம் பெட்டி வந்தது. திரையில் வேகம் 4.2 என்று காட்டியது. சீனியை நிறுத்துப் பார்க்கிறவள், அந்த இலக்கத்தை மட்டும் அப்படியே நம்பினேன். படம் வரைகிறவளுக்குப் பெட்டிக்குள் இருப்பதைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் வேலை செய்யும்போது அது நான் நினைத்ததைவிட மெதுவாகத்தான் போனது. அதற்காக அடிக்கடி புறுபுறுத்தேன். அவர் காற்றாடியைப் பெட்டிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போவார். எனக்கு வியர்த்து ஊற்றும்.

ஒரு வெள்ளிக்கிழமை, தொலைந்துபோன ஒரு படத்தைத் தேடுவதற்காக, மறைத்து வைத்த கோப்புகளையும் காட்டும்படி கணினிக்குக் கட்டளை கொடுத்தேன். படம் கிடைக்கவில்லை. நான் போடாத ஓர் அடைவு கிடைத்தது. உள்ளே நாளுக்கொரு கோப்பு. ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான வரிகள். முதலில் நேரம், பிறகு 4200, பிறகு 1.36, கடைசியில் ஓர் இலக்கம். நடுவில் இருந்த இரண்டிலும் என் கண் நிற்கவில்லை. கடைசி இலக்கந்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. காலையில் நான் வேலைக்கு உட்கார்ந்த நேரத்தில் அது எண்பத்தெட்டு. பத்து மணிக்கு நான் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போன நேரத்தில் நாற்பத்தைந்து. திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி எண்பத்தெட்டு. பக்கத்து வீட்டுக்காரியோடு வேலியடியில் நின்று கதைத்த நேரங்கூட அதில் தெரிந்தது.

எங்கள் ஊரில் நேரம் போட்டு எழுதப்பட்ட எதுவும் நல்லதுக்கு எழுதப்பட்டதில்லை. நான் இருந்த, எழும்பிய, நடந்த நேரமெல்லாம் ஒரு மனிதர் எழுதி வைத்திருக்கிறார், அதுவும் நான் சோறு போட்டுக் கொடுக்கிற மனிதர். அழுகை வரவில்லை, கோபந்தான் வந்தது. அன்று பின்னேரமே உடுப்புகளைப் பையில் அடுக்கி அலுமாரிக்கு மேலே வைத்தேன். முல்லைத்தீவில் கட்டப்போகும் ஒரு வீட்டுக்கான படம் கையில் இருந்தது. அதை முடித்துக் கொடுத்துவிட்டு வவுனியாவில் இருக்கும் அக்காவிடம் போவதென்று முடிவெடுத்தேன். பஸ் புளியங்குளம் தாண்டினால் பிறகு நான் திரும்ப மாட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த நாளிலிருந்து பெட்டி நிற்கத் தொடங்கியது. கணினி ஐந்து மணித்தியாலம் ஓடி வரைந்து முடிக்க வேண்டிய படம் இரண்டாவது மணித்தியாலத்தில் அப்படியே செத்துவிடும். திரை கறுப்பு. ஒரு தரம், இரண்டு தரம், ஐந்து தரம். நான் போகப்போவது தெரிந்துதான் வேலையைக் கெடுக்கிறார் என்று நினைத்தேன். இப்படி நினைத்த பிறகு அவர் முகத்தைப் பார்த்தால், கள்ளத்தனம் இல்லாத இடமே தெரியவில்லை. ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடி "பெட்டி இப்ப வேகமாப் போகுதோ?" என்று கேட்டார். எவ்வளவு துணிவு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அறுவடைக் காலம். அவர் முல்லைத்தீவுப் பக்கம் வயல்களில் இயந்திரம் திருத்த மூன்று நாள் போய்விட்டார். அந்தக் கோப்பு ஒன்றைப் போனில் படமெடுத்து, என்னோடு படித்து இப்போது வவுனியாவில் கணினி திருத்தும் கடையில் வேலை செய்யும் சிநேகிதிக்கு அனுப்பினேன். கணினியிலிருந்து அனுப்பவில்லை, அதுதான் என்னைப் பார்க்கிறதே. அவள் உடனே போன் எடுத்தாள். எடுத்தவள் சிரித்தாள்.

"எடியே, உன்ர மனுசன் உன்னைப் பாக்கேல்லை. பெட்டியின்ர காய்ச்சலைப் பாக்கிறார். கடைசி இலக்கம் சூடு. நீ வேலை செய்தா ஏறும், எழும்பினா இறங்கும்."

நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது. ஆனால் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, பெட்டிக்குள் இருக்கும் புரொசசரின் பெயரைப் பார்த்துச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"நீ கேட்டது இதில்லையே. இது பழசு. இது பிறந்த வேகம் மூண்டு தசம் ஆறு. ஆரோ இதை ஓவர்குளொக் பண்ணியிருக்கினம். அதுவும் முரட்டுத்தனமா."

எனக்கு விளங்கும்படி அவள் சொன்னது இதுதான். புரொசசருக்குத் தொழிற்சாலை ஒரு வேகம் வைத்து அனுப்பும். அதைக் கூட்டலாம். கூட்டினால் கூடுதல் மின்சாரம் கொடுக்க வேண்டும், கொடுத்தால் சூடு ஏறும். எல்லை தாண்டினால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும், அல்லது ஒரேயடியாகப் போய்விடும். ஆகவே முதல் வேலை, எல்லாவற்றையும் பிறந்த நிலைக்குக் கொண்டுவருவது.

பெட்டி தொடங்கும்போது ஒரு விசையை அழுத்திப் பயோஸ் என்ற உள்பக்கத்துக்குப் போனேன். இருந்ததையெல்லாம் போனில் படமெடுத்து வைத்துவிட்டு, பழைய நிலைக்குத் திரும்பும் கட்டளையைக் கொடுத்தேன். வேகம் 3.6 என்று வந்து நின்றது. என் ஒரேயொரு நிபந்தனை. அதில் பொய் சொல்லி என்னைக் கொழும்பிலிருந்து கூட்டிவந்திருக்கிறார். உளவு பார்க்கவில்லை என்ற ஆறுதல் போன இடம் தெரியவில்லை.

ஆனாலும் படம் முடிய வேண்டும். மூன்று தசம் ஆறில் அது இன்னும் இழுபடும். "நானே ஏத்துறன், சொல்லித் தா" என்றேன்.

"ஒரு நேரத்தில ஒரு படி. ஒரு மணித்தியாலம் முழுப் பாரத்தில ஓடவிட்டுச் சூட்டைப் பார். எண்பதைத் தாண்டினா இறங்கு. வோல்ட்டேஜைக் கறிக்கு உப்புப் போடுற மாதிரிக் கிள்ளிக் கிள்ளிப் போடு. வெளிநாட்டுக்காரர் வீடியோவில சொல்லுறதை நம்பாத, அவையின்ர அறை இருபது பாகை. உன்ர அறை முப்பத்தஞ்சு."

இதைவிட எனக்குப் பொருத்தமான வேலை உலகத்தில் இருக்க முடியாது. பெட்டியைத் திறந்து, விசிறியின் தகடுகளுக்குள் அடைந்திருந்த உமித்தூசியைத் தூரிகையால் தட்டினேன். புரொசசரின் சூட்டைக் கடத்தும் பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசினேன். பிறகு 3.7. சோதித்தேன். நம்பவில்லை, திரும்பச் சோதித்தேன். 3.8. காலையில் எழுபது காட்டியதை நம்பாமல், கூரைத்தகடு கொதிக்கிற இரண்டு மணிக்கு மறுபடி ஓடவிட்டேன். 3.9. நாலு தசம் பூச்சியத்தில் சூடு எழுபத்தெட்டு. நாலு தசம் ஒன்றுக்கு அது எண்பத்துமூன்றுக்குப் போனது. ஒரு படி இறங்கினேன். அங்கேயே விட்டேன். மூன்றாம் நாள் காலை படத்தை ஓடவிட்டேன், அது நிற்காமல் ஓடியது.

சிநேகிதி போன் எடுத்து, பெட்டி எந்த நாளிலிருந்து நிற்கத் தொடங்கியது என்று கேட்டாள். சரியாகச் சொல்வதற்காக அந்த அடைவைத் திரும்பத் திறந்தேன். இந்தத் தரம் எல்லா இலக்கத்தையும் வாசித்தேன். ஆறு மாதமும் வேகம் 4200, வோல்ட்டேஜ் 1.36, சூடு எண்பத்தெட்டு. ஒரு சனிக்கிழமையிலிருந்து மட்டும் 4400, 1.42, தொண்ணூற்றேழு. அதற்குப் பிறகு கோப்புகள் நடுவரியில் அறுந்து கிடந்தன. நான் அலுமாரிக்கு மேலே பை வைத்தது அதற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை.

மத்தியானம் அவர் வந்தார். வழமைபோல நேரே முன்னறைக்குப் போய்ப் பெட்டியில் கை வைத்தார். கையை எடுத்துவிட்டு மற்றக் கையை வைத்தார். திரையில் முல்லைத்தீவு வீட்டின் வாசல் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சமாகிக்கொண்டிருந்தது.

"இதுக்க ஆரும் கை வைச்சதோ?"

"ஓம். நான்தான்."

திரையோரத்தில் இருந்த 4.0 என்ற இலக்கத்தைப் பார்த்தார். கதிரையில் மெல்ல இருந்தார்.

"அப்ப எல்லாம் பாத்திட்டீர்."

"பாத்திட்டன். நான் கேட்ட பெட்டி இதில்லை."

"இல்லைதான். அது என்ர கைக்கு எட்டேல்லை. எட்டேல்லை எண்டு சொன்னா நீர் வந்திருக்க மாட்டீர். போனில வீடியோ பாத்துப் பாத்து ஏத்தினனான். எரிஞ்சுபோடுமோ எண்டு ஒவ்வொரு நாளும் பயம்."

மூன்று நாளாகச் சேர்த்து வைத்த வசனங்கள் என்னிடம் நிறைய இருந்தன. "அந்தச் சனிக்கிழமை ஏன் இன்னும் ஏத்தினனீங்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அறைக்குள் அலுமாரி இருந்த பக்கம் பார்த்தார்.

"பெட்டி மெதுவெண்டு நீர் புறுபுறுத்துக்கொண்டிருந்தனீர். வெள்ளிக்கிழமை இரவு பையைக் கண்டனான்."

"கண்டிட்டு ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"கேட்டா நீர் ஓமெண்டு சொல்லியிருப்பீர்."

சொல்லியிருப்பேன். அது உண்மை. "கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, சோறு ஆறுது" என்றேன். அவர் கிணற்றடிக்குப் போனதும் கதிரையை இழுத்துப் போட்டு ஏறிப் பையை இறக்கினேன். அதன் மேல்பக்கத்தில், கிறீஸ் பூசிய உள்ளங்கை ஒன்று ஐந்து விரலும் தெரியப் பதிந்து கிடந்தது.