லில்லி அக்காவின் குரலைப் பதிவுசெய்தபோது

பாறசாலையில் உள்ள என் ஒலிப்பதிவு அறைக்கு இன்று வெள்ளறடையிலிருந்து லில்லி அக்காவும் அவர் கணவர் ஞானதாஸ் அண்ணனும் வந்திருந்தார்கள்.

நாளை அக்காவுக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல் பழையபடி இருக்குமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. அதற்கு முன் அவர் சர்ச்சில் பாடும் பாட்டைப் பதிவுசெய்ய வேண்டும்.

என் கம்ப்யூட்டரில் இருக்கும் புது ஒலிப்பதிவு சாஃப்ட்வேரோ, கம்பெனி தந்த லைசென்ஸ் எண்ணையே ஏற்கவில்லை. அதனால் திறந்த சிறிது நேரத்தில் தானாக மூடிக்கொண்டது. கம்பெனிக்கு போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை, ஈமெயிலுக்கும் பதிலில்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“நீ விசனப்படாத மக்கா. அது மூடும்போ நிறுத்துதேன், தொறக்கும்போ மிச்சத்தப் பாடுதேன்” என்றார் அக்கா.

அப்படியே ஒவ்வொரு சரணமாகப் பாடினார். சாஃப்ட்வேர் மூடுமுன் நான் சேமித்துக்கொண்டே வந்தேன். பாட்டு முடிந்தது.

அண்ணன் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார்: “இவ தெனமும் என்னய சோறுண்ணக் கூப்பிடுவா. அதையும் இந்த மைக்குல பிடிக்க ஒக்குமா?”

அக்கா வெட்கத்தில் சிரித்தார். பிறகு மைக் பக்கம் குனிந்து, “இஞ்ச பாருங்க, சோறு ஆறுது. வாங்க” என்றார்.

“வாறேன்” என்று அண்ணன் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டார். அதுவும் பதிவாகிவிட்டது.

கம்பெனி இன்னும் பதில் தரவில்லை. எடிட்டிங் தெரிந்த நண்பர்களே, அந்த ‘வாறேன்’ அப்படியே இருக்கட்டும்தானே?