சங்கத்தின் வரலாறும் தலைவரின் தொண்டையும்

எங்கள் வைத்தியர் சங்கத்தின் வரலாற்றை எழுதி முடிக்க வேண்டும் என்று தலைவருக்கு ஆசை. கரவெட்டியில் நெடுங்காலம் மருந்து கொடுத்து ஓய்ந்தவர். சங்கத்தைத் தொடங்கியவர்களில் மிஞ்சியிருப்பவரும் அவர்தான். மாதக் கூட்டத்தில் ஒவ்வோர் அத்தியாயமாக வாசிப்பார். முதலாவது அத்தியாயம் முழுக்க, சங்கத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று எங்கள் முன்னோர்கள் பிடித்த சண்டை. இரண்டாவது, அதில் கோபித்துக்கொண்டு போனவர்களைத் திருப்பி அழைத்துவந்த கதை. நோயாளிகள் இன்னும் வரலாற்றுக்குள் வந்து சேரவில்லை.

மூன்றாவதில் அவருடைய குரல் கரகரத்தது. நாலாவதைச் சோடா குடித்துக் குடித்து வாசித்தார். ஐந்தாவதில் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

எங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தானாக வந்து கேட்காத வைத்தியருக்கு இன்னொரு வைத்தியர் இன்ன வருத்தம், இன்ன நோய் என்று சொல்லக்கூடாது. சொன்னால், "எனக்குத் தெரியாதோ?" என்று ஆயுளுக்கும் முகம்கொடுத்துக் கதைக்கமாட்டார். ஆகவே கூட்டம் முடிந்தபின் வாசலில் நின்று, ரோல்ஸைக் கடித்தபடி, அவருடைய தொண்டையை அவர் இல்லாமலே பரிசோதித்தோம். சத்திரசிகிச்சை நிபுணர் குரல்நாணில் கட்டி என்றார். இன்னொருவர் தைரொயிட் என்றார். விவாதம் மிகத் தரமாக இருந்தது. உள்ளே தூங்கியவர்கள்கூட அதில் கலந்துகொண்டார்கள்.

"அவருக்குத் தெரியாமல் இருக்குமோ? ஆரிட்டையாவது காட்டியிருப்பார்," என்று முடித்துவிட்டுக் காரில் ஏறினோம்.

வீட்டில் இதைச் சொன்னேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உவ்வளவு டொக்டர்மாரும் சேர்ந்து அந்த மனுசனைச் சாகவிடப் போறியளோ? போய்ச் சொல்லுங்கோ."

அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போனேன். மழை, வெங்காயம் எல்லாம் கதைத்து முடித்துத்தான் விசயத்துக்கு வந்தேன். "சேர், உங்கடை தொண்டையை ஒருக்கால் காட்டினால் நல்லது."

அவர் இரண்டு விரலால் தன் தொண்டையைத் தடவிப் பார்த்தார்.

"எனக்கும் சாடையா யோசினைதான்," என்றார், காற்றுப் போன குரலில். "ஆனா மாசா மாசம் தொண்டைக்குப் படிச்சவை, நெஞ்சுக்குப் படிச்சவை எல்லாரும் முன்னுக்கு இருந்து கேக்கினம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. அப்ப பயமில்லை எண்டு நினைச்சிட்டன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட எங்கள் எல்லோர் மேலும் கோபம் வந்தது. நாங்கள் மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டிருக்க, மனிதர் அதைப் பரிசோதனை முடிவு என்று எடுத்திருக்கிறார்.

கட்டிதான். வெட்டி எடுத்ததில் உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. வாசலில் தான் சொன்னது சரியாகிவிட்டதென்று சத்திரசிகிச்சை நிபுணருக்கு உள்ளூரத் திருப்தி.

இப்போது வரலாற்றை நான் வாசிக்கிறேன். அவர் முன்வரிசையில் இருந்து கேட்கிறார். போன கூட்டத்தில் வாசிக்கும்போது எனக்கு இருமல் வந்தது. மண்டபம் வழக்கம்போலக் கண்ணியமாக அமைதி காத்தது. அவர் எழுந்து மேடைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன ரோச் லைற்றை எடுத்து, அத்தனை பேருக்கும் முன்னால், "வாயைத் திறவும்," என்றார்.

வெறும் காற்றுக் குரல்தான். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.