பன்னிரண்டு நொடி அபசுரம்

கேரலுக்கு அவள் காதே சாபம். மைசூர் ஹெப்பாளில் மோட்டார் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருடமாக அவளுக்குக் காதால்தான் பிழைப்பு. ஓடும் மோட்டாரின் பக்கத்தில் நின்று, சத்தத்தை வைத்தே எது சொத்தை என்று சொல்லிவிட வேண்டும். மாதா கோயிலில் பாடகர் குழு கொஞ்சம் சுருதி இறங்கினால் போதும், அன்றைக்கு அவளுக்கு ஜெபம் ஓடாது. இப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு அவள் ஆசைப்பட்டதோ டிஜே ஆவதற்கு. அதிலும் மைசூரில் பத்துப் பேர்கூடக் கேட்காத, டிரான்ஸ் என்கிற மின்னணு நடன இசைக்கு.

கல்யாணங்களுக்குக் கூப்பிட்டார்கள். போனால் சினிமாப் பாட்டைப் போடு என்றார்கள். "பட்டனைத் தட்டினா மிஷினே ரெண்டு பாட்டையும் சேத்துடுது. இதுல உங்களுக்கு என்ன வேலை அண்ணி?" என்று கொழுந்தன் எரிக் வருடத்துக்கு நாலு தரமாவது கேட்பான். மிஷின் தாளத்தைச் சேர்க்கும். சுருதியை யார் பார்ப்பது? டிரான்ஸில் ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்ததை அடியில் நுழைத்து, இரண்டையும் ஒன்றரை நிமிடம் சேர்த்தே ஓட்ட வேண்டும். வேகம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, சுருதியும் இசைய வேண்டும். இதை விளக்கி விளக்கி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு வாய்ப்பு வந்தது. ஊருக்கு வெளியே ரிசார்ட் நடத்தும் தருண்குமார், ஞாயிறு மதியம் நீச்சல் குளத்தருகே ஒரு மணி நேரம் கொடுத்தார். பிடித்துப்போனால் மாதத்தில் ஒரு ஞாயிறு அவளுக்கே. ஆறு வாரம் மாய்ந்து மாய்ந்து பதினோரு பாட்டுகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றின் சுருதியையும் வேகத்தையும் நோட்டில் எழுதி வரிசைப்படுத்தினாள்.

அன்றைக்கு அவளுக்கு முன்னால் வாசித்தவன் இருபது நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டான். கேரலுக்கு ரத்தம் கொதித்தது. அவசரமாக மேடையேறியவள் ரிசார்ட் மிஷினில் ஒரு பொத்தான் அணைந்து கிடந்ததைக் கவனிக்கவில்லை. பாட்டின் வேகத்தைக் கூட்டும்போது சுருதி ஏறாமல் பிடித்து வைக்கும் பொத்தான் அது. அவள் வீட்டு மிஷினில் எப்போதும் போட்டே கிடக்கும். அப்படி ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

முதல் மூன்று பாட்டுகளுக்கும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் தப்பித்தாள். நான்காவது, நிமிடத்துக்கு நூற்று முப்பது தட்டு ஓடுகிற பாட்டு. அதை நூற்று முப்பத்தெட்டுக்கு ஏற்றினாள். சுருதியும் கூடவே அரைச் சுரம் ஏறிவிட்டது. தொடக்கத்தில் வெறும் தாளம், அதனால் தெரியவில்லை. மெட்டு நுழைந்ததும் இரண்டு பாட்டும் எலியும் பூனையுமாகச் சண்டை பிடித்தன. ஸ்பீக்கர் கோளாறோ என்று திகைத்து, நோட்டைப் புரட்டிப் பார்த்து, பன்னிரண்டு நொடியைக் கோட்டைவிட்டாள். பிறகு பழைய பாட்டை வெடுக்கென்று அறுத்தாள்.

குளத்தருகே இருந்தவர்கள் அதை ஏதோ வித்தை என்று நினைத்து 'ஓ'வென்று கத்தினார்கள்.

பொத்தானைக் கண்டுபிடித்து மீதியை ஒரு குறையில்லாமல் முடித்தாள். இறங்கியதும் தருண்குமார் சிரித்த முகமாக வந்தார். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்து மனிதர்.

"அருமைங்க! அடுத்த மாசத்துல இருந்து வந்துருங்க."

நன்றி சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்தது. அவளால் முடியவில்லை.

"நாலாவது பாட்டுல சுருதி தப்பிடுச்சு சார். என் தப்புதான்."

"அப்படீங்களா? யாருக்குங்க தெரிஞ்சுது?" அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப எதுக்குங்க வம்பு? ஊட்லயே ஒரு மணி நேரத்தையும் ரெக்கார்டு பண்ணிப் பென்டிரைவுல கொண்டாந்துருங்க. இங்க நின்னு சும்மா கைய ஆட்டுனாப் போதும். தப்பே வராதுங்க."

மனிதர் கேலி செய்யவில்லை, நல்லது நினைத்தே சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அப்படின்னா நான் வரலே சார்."

வண்டி நிறுத்துமிடத்தில் புருஷன் ஜோ தலையில் அடித்துக்கொண்டான். "தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? யாருமே கவனிக்கலே, நீயா போய் ஏன் சொன்னே? சரி, ஹோக்லி விடு, போனாப் போகுது."

கேரலுக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

"சரியா சேத்தப்பவும் கத்துனாங்க ஜோ. தப்பா போனப்பவும் அதே மாதிரிதான் கத்துனாங்க. ஒருத்தராவது மூஞ்சியச் சுளிச்சிருந்தா, நான் ஏன் போய் சொல்லப்போறேன்?"

ஜோ வண்டியைக் கிளப்பினான்.