பெஞ்சில் உட்கார்ந்திருந்த சொந்தம்

பட்டுத் தறியில் நீளவாட்டு நூலான பாவு தீர்ந்து, புதுப் பாவைப் பழைய பாவோடு பிணைக்க உட்காரும்போது வீரபாகு முதலில் கொட்டாங்குச்சிச் சாம்பலில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொட்டுக்கொள்வார். பிறகு விரல்களை வாய்க்கு எதிரே பிடித்து மெல்ல ஊதுவார். தூள் பறந்துபோய், பட்டு வழுக்காத அளவுக்கு மட்டும் சாம்பல் ஒட்டியிருக்கும். அப்புறம்தான் நூலோடு நூலை வைத்து ஒரு திருகு. ஆரணியில் அந்த வேலைக்கு வேறு ஆட்களும் உண்டு. சாம்பலை ஊதுகிறவர் அவர் ஒருவர்தான்.

2004-இல் வேலூரில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்த வங்கி வாசலில், அவர் சாம்பலே இல்லாமல் அந்த இரண்டு விரல்களையும் தேய்த்துக்கொண்டிருந்தார். வார்டில் அவர் மனைவி ஹேமலதா. கர்ப்பப்பையில் கட்டி, மாதாமாதம் ரத்தம் கொட்டி ஆள் வெளுத்துவிட்டாள். பொருந்துகிற ரத்தம் ஒரு பையாவது கையில் இல்லாமல் கத்தி வைக்க மாட்டேன் என்று சர்ஜன் சொல்லிவிட்டார்.

ரத்தத்துக்கு என்ன பஞ்சம் என்றுதான் தெருவில் நினைத்தார்கள். ஹேமலதா ஓ பாசிட்டிவ். பக்கத்துத் தறி எல்லப்பன், ஓ பாசிட்டிவ் ஆட்கள் நாலு பேரைத் திரட்டிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினான். ஆனால் யார் ரத்தத்தை அவள் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தாலும் குழாயில் குருணை குருணையாகத் திரண்டது. வங்கியில் இருந்த ரத்தமும் அப்படியே.

"நாங்க இன்னா கலப்படமா?" என்றான் எல்லப்பன்.

டெக்னீஷியன் கலையரசி சிரிக்கவில்லை. "ஓ பாசிட்டிவ்ங்கறது தெருப்பேரு மாதிரிங்க. உள்ள போனா வீட்டுக்கு வீடு வித்தியாசம் இருக்குது. ரத்த அணு மேல இன்னும் எத்தினியோ அடையாளம். அதுல சின்ன 'இ'ன்னு ஒண்ணு, நூத்துல தொண்ணூத்தெட்டு பேருக்கு இருக்கும். இவங்களுக்கு இல்ல. முன்ன எப்பவோ அது உள்ள பூந்திருக்குது. ஒடம்பு அத்தப் பகையா வெச்சிகினு ஆன்டிபாடி செஞ்சிருக்குது. இப்ப அந்த அடையாளம் இருக்கற ரத்தத்த ஏத்தினா ஒடச்சிப் போட்டுடும்."

"எப்பிடிங்க பூந்தது?" என்று கேட்டார் வீரபாகு.

"முன்ன ரத்தம் ஏத்தியிருக்கலாம். இல்லன்னா பிரசவத்துல. அப்பாகிட்டருந்து கொழந்தைக்கு வர்ற அடையாளம் அம்மாவுக்கு இல்லாம இருந்தா இப்பிடி ஆவும். அதான் வீட்டுக்காரர் ரத்தத்த நாங்க தேடறதில்ல. அவங்க கூடப் பொறந்தவங்க, அம்மா அப்பா வழில நெருங்கின சொந்தம் இருந்தா கூட்டியாங்க. கெடைச்சாலும் கெடைக்கும்."

மகள் காவ்யா பிறந்தபோது ஹேமலதாவுக்கு ரத்தம் ஏற்றியதும் உண்டுதான். ஆனால் வீரபாகுவின் மனசு மற்றதையே பிடித்துக்கொண்டது. நம்ம ரத்தம்தான் அவளுக்கு விஷமாகப் போயிற்று.

சொந்தத்தை எண்ணிப் பார்த்தார்கள். ஹேமலதா ஒற்றைப் பிள்ளை. அம்மா ராஜம்மாளும் அப்பாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. வந்தவாசியில் இருக்கிற சித்தப்பா இதய நோயாளி. காவ்யாவோ பள்ளிக்கூடப் பிள்ளை. "ஆள் இல்லீங்க" என்று எல்லப்பனே போய்ச் சொல்லிவிட்டு வந்தான். ஆபரேஷன் தள்ளிப்போனது.

மறுநாள் கலையரசி வார்டுக்கே வந்து ஹேமலதாவிடம் நேராகக் கேட்டாள். வீரபாகு கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தார். பேச்சு காதில் விழுந்தது.

"உங்க அம்மா கூடப் பொறந்தவங்க யாருமே இல்லையா?"

"ஒரு தம்பி இருக்காரு."

"இருக்காரா? எந்த ஊர்ல?"

"அதோ, வெளிய குந்திகினு இருக்காரே."

"அவரு உங்க வீட்டுக்காரருங்க."

"ஆமா. எங்கம்மா தம்பியத்தான கட்டிகினேன்."

அக்கா மகளைக் கட்டிக்கொள்வது அவர்கள் தெருவில் சாதாரணம். தாலி கட்டிய அன்றிலிருந்து அவர் புருஷன். சொந்தத்தை எண்ணும்போது யாரும் அவரை எண்ணவில்லை; அவரும் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

கலையரசி வெளியே வந்தாள். "ஜல்தியா வாங்க."

"என் ரத்தம் ஆவாதுன்னீங்களே?"

"பாத்துட்டுச் சொல்றேன். வாங்க மொதல்ல."

குழாயில் எதுவும் திரளவில்லை. அவரும் ஓ பாசிட்டிவ். அவருக்கும் அந்தச் சின்ன 'இ' இல்லை. கலையரசி குழாயை வெளிச்சத்தில் ஆட்டிக் காட்டினாள். "உங்ககிட்ட இல்லாதது கொழந்த வழியா அவங்களுக்கு எப்பிடிங்க போவும்? அன்னிக்கு ஏத்துன ரத்தத்துல வந்தது. நீங்க ஒண்ணும் பண்ணல."

வீரபாகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"எல்லாரையும் பேஜார் பண்ணிட்டியேண்ணா" என்றான் எல்லப்பன். "நாங்க பஸ்ஸுல தொங்கிகினு வந்தோம். நீ பெஞ்சிலயே குந்திகினு இருந்திருக்கற."

ஒரு பை எடுத்தார்கள். நெருங்கிய சொந்தத்தின் ரத்தத்தை அப்படியே ஏற்றக்கூடாதாம். கதிர்வீச்சில் வைத்து எடுத்து சர்ஜனுக்கு அனுப்பினார்கள். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது.

ஊர் திரும்பிய வீரபாகு வேறு ஆள். குழம்பில் உப்பு கூடினால் கூட, "ஓடறது என் ரத்தம், கை மட்டும் யாருதுடி?" என்பார்.

"அதான மாமா, இப்பல்லாம் பட்டப்பகல்லயே தூக்கம் தூக்கமா வருது" என்பாள் ஹேமலதா.

அடுத்த வருஷம், வேறு யாருக்கோ அதே மாதிரி ரத்தம் தேவைப்பட்டு வேலூரிலிருந்து கூப்பிட்டார்கள். கொடுத்துவிட்டு எழுந்தவர், தன் ரத்தம் மனைவிக்கு எப்படி ஒத்துக்கொண்டது என்று கலையரசியிடம் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"அன்னிக்கு அந்தப் பையத் தொடவே இல்லீங்களே" என்றாள் கலையரசி. "ரத்தப்போக்கு கம்மி, தேவப்படல. அப்புறம் லாரில அடிபட்டு வந்த ஒருத்தருக்கு அத்த ஏத்தினாங்க. உங்க வீட்டம்மாவுக்கு அப்பவே தெரியும். அவருகிட்ட சொல்லாதீங்க, ரொம்ப சந்தோஷமா இருக்காருன்னாங்க."