திரும்பிப் பார்க்காத ஐயாசாமி

"கண்ணைக் கட்டி உட்டாலும் இந்தக் கொளத்தைச் சுத்தி வந்துபோடுவேனுங்க. திரும்பிப் பாக்கற சோலியே எனக்கில்லை."

இந்தப் பிரகடனம் வெளியான இடம் கோவையின் தெற்கோரம் செட்டிக்காட்டுக் குளத்துப் பூங்காவை ஒட்டிய பேக்கரி. கேட்டவர்கள் ஏழு பேர். அதில் மூன்று பேருக்குத் தேங்காய் பன்னில்தான் கவனம். இருந்தாலும் பிரகடனம் பிரகடனம்தான்.

வெளியிட்ட ஐயாசாமி, மோட்டார் பம்பு கம்பெனியில் முப்பத்திரண்டு வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது அவரிடம் அல்ல, அவர் மனைவி மாரியாத்தாளிடம். ஆனால் ஒரு குடும்பத்தில் யாரோ ஒருவர் நடந்துதான் ஆக வேண்டும் என்றால், அதற்குத் தலைமை தாங்க ஒருவர் வேண்டாமா? ஐயாசாமி அந்தப் பொறுப்பைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.

ஒன்பது வருடம் அவர் முன்னால் போனார், மாரியாத்தாள் நாலடி பின்னால் வந்தார். கல்யாண மண்டபத்துக்கும் கொடுமுடிக் கோயிலுக்கும் மகள் அன்புக்கரசியின் பிரசவத்துக்கும் அவர்கள் போனது இதே அணிவகுப்பில்தான். ஐயாசாமி முன்னால் பார்த்துப் பேசுவார்; பின்னாலிருந்து "ம்" வரும். அந்த "ம்"முக்காகக் காத்திருக்கும் பழக்கம் அவருக்கு விட்டுப்போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

எதிரே ஆள் வந்தால் வழிவிடுவதும் மாரியாத்தாளின் இலாகா. ஐயாசாமி பாதையின் நடுவிலேயே போவார், கரை அவருக்கு எழுதி வைத்தது போல. மாரியாத்தாளோ எதிரே வருவது பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தாலும் "போங்க கண்ணு" என்று ஓரத்தில் ஒதுங்கி நின்றுவிடுவார்.

போன ஐப்பசி மழையில் குளம் நிறைந்தது. ஊரே திரண்டு வந்து போட்டோ எடுத்தது. பூங்காவைப் பெருக்கி வாசலில் காவலும் பார்க்கும் சாயிரா பானு மட்டும் போட்டோ எடுக்கவில்லை. தண்ணீர் தெற்குக் கரையின் அடிமண்ணை அலையலையாக அரித்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்திருந்தார். வேப்பமரத்துக்கு வேப்பமரம் சிவப்புக் கயிறு கட்டி, குளத்தோரப் பாதையை அடைத்தார். எல்லாரும் குளத்தை விட்டுத் தள்ளி, மரங்களுக்கு உட்புறமாகச் சுற்றிப் போகவேண்டும் என்றார். இரண்டு நாள் அவர் கண்ணில் படாமல் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய்வந்த ஐயாசாமியை மூன்றாம் நாள் காலை நிறுத்தினார்.

"ஐயா, அந்தப் பக்கம் வேண்டாங்க. மேல புல்லு பச்சையா இருக்குது. அடியில மண்ணே இல்லீங்க."

ஐயாசாமி கயிற்றை ஏற இறங்கப் பார்த்தார். கயிறு கட்டுவதென்றால் இறுக்கிக் கட்ட வேண்டும், இது தொங்குகிறது என்று தொழில்முறைக் குறை ஒன்றைச் சொன்னார். பிறகு, "ஏனுங்க அம்மணி, என்னையவேங்களா? இது எங்கூட்டு வாசல் மாதிரிங்க" என்று சொல்லிக் குனிந்து நுழைந்தார்.

"இன்னைக்கு உள்பக்கமாவே போலாங்க" என்று மாரியாத்தாள் சொன்னதை சாயிரா பானு கேட்டார். ஐயாசாமி அதற்குள் ஐந்தாறு எட்டுப் போயிருந்தார். மாரியாத்தாள் சாயிரா பானுவைப் பார்த்து, மன்னிப்புக் கேட்பது போல லேசாகச் சிரித்தார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவரும் குனிந்து நுழைந்தார்.

அன்றைய தலைப்பு, பாதுகாப்பாக நடப்பது எப்படி என்பது. குதிகாலை முதலில் ஊன்ற வேண்டும், பார்வை பத்தடி தூரத்தில் இருக்க வேண்டும் என்று ஐயாசாமி விளக்கிக்கொண்டே போனார். எதிரே காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நாலு பேர் ஓடி வந்தார்கள். பெரியவரே கயிற்றைத் தாண்டிப் போகிறாரே என்று இரண்டு நாளாக அவரைப் பார்த்துத் துணிந்தவர்கள். ஐயாசாமியைச் சுற்றிக்கொண்டு வந்த அவர்களுக்கு மாரியாத்தாள் வழக்கம்போல ஒதுங்கி வழிவிட்டார். ஒதுங்கி நின்ற இடம் குளத்தோரப் புல். அவர்கள் கடந்து போன பிறகு, பாதைக்குத் திரும்பக் காலைத் தூக்கினார். ஊன்றிய காலுக்கடியில் புல்லோடு சேர்ந்து கரை உட்கார்ந்தது.

ஐயாசாமி முழங்கால் மூட்டு பற்றிப் பேசியபடி இருநூறு அடி போனார். சிமெண்டு பெஞ்சு வந்தது. துண்டால் தூசியைத் தட்டி, மாரியாத்தாளுக்கும் இடம் விட்டு உட்கார்ந்தார். மூட்டைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் பாக்கி இருந்தது. அதையும் சொல்லி முடித்தார். அதற்கப்புறம்தான் பக்கத்தில் பார்த்தார்.

வந்த வழியில், கரை சரிந்த இடத்தில், பத்தடிக்குக் கீழே, தண்ணீரோரத்து ஆகாயத்தாமரைக்கும் சேற்றுக்கும் நடுவில் மாரியாத்தாள் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. சாயிரா பானுவும் இன்னும் மூன்று பேரும் இறங்கித் தூக்கினார்கள். ஐயாசாமியும் இறங்கப் பார்த்தார். அவரைப் பிடித்து நிறுத்தத் தனியாக ஓர் ஆள் தேவைப்பட்டது.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது என்றார்கள். சர்க்கரை காரணமாகப் புண் ஆறவில்லை. பிறகு நெஞ்சில் சளி கட்டியது. ஐயாசாமி கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் பேசாமல் இருந்ததை அன்புக்கரசி பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒருநாள் அவரே மெதுவாக, "ஒரு சத்தம் போட்டிருக்கலாமல்ல?" என்று கேட்டார்.

"கூப்பிட்டனுங்க" என்றார் மாரியாத்தாள். "நீங்க பேசிட்டுப் போனீங்க."

குற்றம் சொல்லும் குரல் அல்ல அது. சாப்பிட்டாச்சா என்று கேட்பதும் அதே குரலில்தான். கார்த்திகை முடிவதற்குள் மாரியாத்தாள் போய்விட்டார்.

தை மாதம் ஒரு காலையில் ஐயாசாமி பூங்காவுக்கு வந்தார். பேக்கரியில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கயிறு அதே இடத்தில், அதே மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கிட்டே போனார். அவிழ்த்து, இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டார். பிறகு மரங்களுக்கு உட்புறம் வந்து, பாதையின் ஓரமாக நடக்க ஆரம்பித்தார்.

பத்து எட்டு வைத்தார். நின்றார். திரும்பிப் பார்த்தார். மறுபடி பத்து எட்டு.

விளக்குமாறோடு பின்னால் வந்துகொண்டிருந்த சாயிரா பானு, தன்னைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து வேகமாக வந்தார்.

"ஏதாச்சும் வேணுங்களா ஐயா?"

"இல்லீங்க அம்மணி." ஒதுங்கி வழிவிட்டார். "நீங்க முன்னால போங்க. நான் வாரேன்."

சாயிரா பானு முன்னால் போனார். சிமெண்டு பெஞ்சு வருவதற்குள் ஐயாசாமி இன்னும் நாலு முறை திரும்பிப் பார்த்துவிட்டார்.